வெள்ளைப் பொடியில் சிவப்புக் கோடு

வெள்ளைப் பொடி காய்ந்து நாலைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதன்மேல் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது. ஜெபசீலி துடைத்துவிட்டு, சிவப்பு மருந்தை மறுபடி தடவி, துடைத்து, பொடியை அடித்தாள். கோடு அதே இடத்தில் வந்தது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் ஆறு வருஷமாக அவள் செய்யும் வேலை இது. விரிசல் இருந்தால் சிவப்பு வெளியே வரும், இல்லாவிட்டால் வராது. அங்கே என்றால் கழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். இது ரேஸ் காரின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம். அந்தக் காரில் உட்காரப் போகிறவன் அவள் தம்பி டேனி.

டீம் என்று பேர்தான் பெரிசு. வெல்டர் வேலை பார்த்த அவள் புருஷன் ஜெபராஜ், டேனி, அவள், ஜூஜூவாடியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் இவர்களைப் போலவே ஒரு கொட்டகையில் தொடங்கிய சின்ன டீம் ஒன்று 2004இல் மூடிக்கொண்டபோது, அவர்களுடைய பழைய வண்டியை ஜெபராஜ் தருவித்தான். பெட்டியைப் பிரித்த அன்று மூன்று பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வண்டியின் பக்கவாட்டில், முன்பு அதை ஓட்டியவன் பேர் இருந்த இடத்தை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். விற்கிற வண்டியில் பேரை எதற்கு விடுவான் என்றான் ஜெபராஜ். அவளும் சரியென்று விட்டுவிட்டாள். இப்போது பெயின்ட்டுக்கு அடியில் பழைய வெல்டிங் தெரிந்ததும், அந்தத் தேய்ந்த இடம் கண்முன் வந்து நின்றது.

"எங்கயோ மோதியிருக்குதுங்க. நிமித்தி, பத்தவெச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க."

ஜெபராஜ் குனிந்து பார்த்தபடியே இருந்தான். "நானே பத்தவெக்கறேன். என் வெல்டு உடையாது."

அவன் சொன்னது சரிதான். சாயங்காலம் சோதித்தபோது அவன் வெல்டில் ஒன்றுமில்லை. இரண்டு விரல் தள்ளி, சூடு பட்ட இடத்தில் புதுசாக ஒரு கோடு ஓடியது.

"ஞாயித்துக்கிழமை மொத ரேஸ். புதுசு செய்யப் பைப்பு வரவே பத்து நாளாவும். இந்த ஒரு தடவ தாங்கும்," என்றான் ஜெபராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் பிரவுசிங் சென்டருக்குப் போய் வண்டியை விற்ற இங்கிலாந்துக்காரருக்கு, அது எங்கே மோதியது என்று மெயில் எழுதிக் கேட்டாள். மறுநாள் பதில் வந்திருந்தது. நாங்களும் மூன்று பேராகத்தான் ஆரம்பித்தோம், இப்போது நான் மட்டும் இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஆர்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நேராக டேனியிடம் போனாள். அவன் புதுக் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்திவிட்டான்.

"அக்கா, எதுவா இருந்தாலும் மாமாகிட்ட சொல்லு. எனக்கு வேணாம். தெரிஞ்சுதுன்னா கால் தானா பிரேக்குக்குப் போயிடும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா என்னா? மாமா இருக்கறாரு, நீ இருக்கற."

சனிக்கிழமை காலை, வண்டியை ஏற்ற லாரி வாசலில் நின்றது. ஜெபராஜ் கயிறு வாங்கப் போன நேரத்தில் ஜெபசீலி கிரைண்டரை எடுத்து, வண்டியில் திரும்ப மாட்டியிருந்த ஆர்மில், கோடு ஓடிய இடத்திலேயே வைத்தாள். பாதிகூட வெட்டவில்லை. ஆர்ம் தானாகவே முறிந்தது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

திரும்பி வந்த ஜெபராஜ் கயிற்றைக் கீழே போட்டான். கையை ஓங்குவானோ என்று அவள் நின்றாள். அவன் உட்கார்ந்து முறிந்த துண்டைக் கழற்றிக் கையில் எடுத்தான். அவள் வெட்டிய விளிம்பு மட்டும் பளபளத்தது, மீதியெல்லாம் உள்ளே எப்போதோ விரிசல் விட்டுக் கறுத்திருந்தது. அதை டேனி பார்க்காதபடி சட்டைக்குள் செருகிக்கொண்டு, லாரிக்காரரைப் போகச் சொன்னான்.

மூன்று வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. நாலு சக்கரத்துக்கும் புது ஆர்ம் செய்து ஒவ்வொன்றாக அவள் முன்னால் வைத்தான். எதிலும் சிவப்பு வரவில்லை. கை எட்டிய இடத்தையெல்லாம் அவள் சோதித்தாள். வண்டியின் சட்டமான சேஸிஸுக்குள் கை எட்டாத இடங்களும் இருந்தன.

அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டிராக்கில் நடந்த ரேஸில் டேனி மூன்றாவது சுற்றுக்குப் போனான். அவனுக்கு முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பின்னால் போனவர்களும் வந்தார்கள். ஜெபராஜ் தடுப்புச் சுவரின்மேல் வயிறு அழுந்தக் குனிந்து பார்த்தான். தூரத்து வளைவில், இவ்வளவு நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்த கொடிக்காரர் எழுந்து நின்று, விபத்து என்றால் காட்டும் மஞ்சள் கொடியைப் பிரிக்கத் தொடங்கினார்.