கோட்டுப் பட்டன் டப்பா

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு கதை சொல்கிறேன். நடுநடுவே சிரிப்பு வரும். ஆனால் அது கடைசி வரைக்கும் துணைக்கு வராது.

ஒரு தையல்காரி இருந்தாள். அவள் வீட்டுக்காரர் வேன் டிரைவர். சுற்றுலா வருகிறவர்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்புவதுதான் பிழைப்பு. எதிரே தீவு தெரியும். ஒரு நாளும் கால் வைத்ததில்லை. போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: அடியில் கண்ணாடி போட்ட படகு, காலுக்குக் கீழே கலர் கலராய் மீன்.

அவருக்கு ஓரத்திலிருந்து பார்வை மங்க ஆரம்பித்தது. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். "எப்ப முழுசா போகும்னு சொல்ல முடியாது. பாக்கணும்னு நினைக்கிறதைப் பாத்துடுங்க."

தையல்காரி அன்றைக்கே பட்டன் டப்பாக்களைக் காலி செய்தாள். தீவில் ஒரு நாள் செலவுக்குப் பணம் சேர்க்க ஒரு டப்பா. மூடிக்கு மூடி வேறு வேறு பட்டன் ஒட்டினாள். கண்ணாடிப் படகுக்குத் தனி டப்பா, அதற்குப் பெரிய கோட்டுப் பட்டன்.

சாயங்காலமானால் இருவரும் செலவைக் குறைக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

"மதியம் ஒரே சாப்பாடு வாங்கி ஆளுக்குப் பாதி" என்பார் அவர்.

"உங்க பாதி எனக்குத் தெரியாதா? எனக்குத் தட்டுதான் மிஞ்சும்."

நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? "ஏன் அண்ணி, ஊர் சுத்தப் போறீங்களா, இல்ல எங்கண்ணனைப் பட்டினி போடப் போறீங்களா?"

எதை வெட்டினாலும் அவர் தலையாட்டுவார். "படகுல மட்டும் கை வைக்காதடி."

டப்பாக்கள் நிறைந்தன. தையல்காரி லாட்ஜில் விசாரித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தாள். "மழை முடிஞ்சதும் ரூம் வாடகை பாதியாம். பொறுத்துப் போனா இன்னொரு நாள் கூட இருக்கலாங்க."

"அதுக்குள்ள கண்ணு..."

"நேத்துகூட ஊசியில நூல் கோத்துக் குடுத்தீங்களே!"

அவர் சிரித்தார். "சரி, நீ கணக்குல புலி."

வெட்டிய துணியில் இன்னொரு ரவிக்கைக்கு மிச்சம் விழுந்த மாதிரி அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

மழை ஓய்ந்தது. அவள் லாட்ஜுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தபோது, அவர் தையல் மெஷினருகே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். நூல் ஊசியைத் தாண்டித் தாண்டிப் போனது.

"லைட்டுக்கு நேரா உக்காந்துகிட்டு என்ன தடவுறீங்க?"

"லைட் எரியுதா?" என்றார் அவர்.

டாக்டர் பார்த்தார், சொல்ல அவரிடம் புதிதாக ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் டப்பாக்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "போகலாங்க. காத்து இருக்கு, அலைச் சத்தம் இருக்கு..."

அவர் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தடவினார். கோட்டுப் பட்டன் கையில் பட்டதும் அதை அவள் பக்கம் தள்ளினார்.

"இதைச் செலவுக்கு எடுத்துக்கோ. இனிமே ஆளுக்கு ஒரு சாப்பாடா வாங்கலாம். பாதி பாதி வேணாம்."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். ஆசையாகத்தான் சொன்னார்.

அவள் அந்த டப்பாவைத் தொடவில்லை. வாசலுக்குப் போய் லாட்ஜுக்குப் போன் போட்டாள். ரூம் வேண்டாமென்றாள். முன்பணம் திரும்பி வராது என்றார்கள். "சரிங்க" என்று வைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, பேரம் பேசவில்லை.

நீங்க நல்லா இருக்கணும் கண்ணுகளா. உங்க வீட்டில் விளக்கைப் போட்டால் எல்லாக் கண்ணுக்கும் தெரியட்டும். ஆசைப்பட்டது, ஆசைப்பட்ட நேரத்திலேயே உங்க வாசலுக்கு வரட்டும்.