அக்கா ஓட்டினால் மட்டும் வரும் வாடை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் காரில் ரப்பர் கருகும் வாடை வந்தது. எப்போதும் வரவில்லை. அவர் மனைவி ஓட்டும்போது மட்டும் வந்தது.

மாஸ்டர் வாய்க்கு வந்தபடி பழி போடுகிற ஆள் இல்லை. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார். அந்த மாதம் அந்த வண்டியில் பழகியவர்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேருக்கு நேராக 'வாடை இல்லை'. அதில் ஒருவர் ஹேண்ட் பிரேக்கைக் கியர் என்று நினைத்து இழுக்கிற பல் டாக்டர். அவருக்கும் 'இல்லை'. மனைவிக்கு நேராக ஒன்பது நாளும் 'உண்டு'. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்?

"நீதான் கிளட்ச்ச எரிக்கிற. காலை எடு, காலை எடுன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன், கேக்குறியா?"

"எடுத்துட்டுத்தாங்க ஓட்டுறேன்."

"அப்ப வாடை ஆகாசத்துலேருந்தா வருது?"

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய கிளை திறக்கிறார்கள். பொறுப்பாளர் பதவி அவளுக்குத்தான் என்று பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே கதவைத் திறக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் பதவி வேறு ஆளுக்குப் போய்விடும். டெஸ்ட் நாளைக் காலையில். 'இவர் தயார்' என்று மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பாரம் இல்லாமல் டெஸ்ட் மைதானத்தில் நிற்கக்கூட விடமாட்டார்கள். மாஸ்டரோ போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"சொந்தப் பொண்டாட்டின்னு சலுகை காட்டினா என் பேரு நாறிடும்," என்றார்.

கார் ஏற்கெனவே நாறிக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் மெக்கானிக்.

அவன் வந்து முதலில் வண்டிக்கு அடியில் படுத்தான். சைலன்ஸரில் ஒரு பிளாஸ்டிக் பை உருகி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தான். மூன்று பேருக்கும் உயிர் வந்தது. அக்கா மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தாள். வாடை வந்தது.

ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான், நன்றாக இருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதா என்று நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தான், சூடில்லை. பிறகு மாஸ்டரின் நோட்டை வாங்கி, பரீட்சைப் பேப்பர் மாதிரி இரண்டு தடவை படித்தான்.

"வாடை கிளட்ச் பிளேட்டுதான் மாமா. நீங்க சொன்னது சரி."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. கட்டிய மனைவியைத் தோற்கடிப்பதில் என்ன சந்தோஷமோ!

மெக்கானிக் முன்பக்கம் தலையைக் கீழே கொடுத்துப் பத்து நிமிடம் என்னமோ செய்தான். "அக்கா, வண்டிய எடு. தண்ணித் தொட்டி மேடு வரைக்கும் போயிட்டு வருவோம்," என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

மாஸ்டர் வழக்கம்போல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உயர்த்தி வைத்துக்கொண்டார். எதிரே லாரி வந்தது. "பாத்து, பாத்து!" என்றார். லாரி தன்பாட்டுக்குப் போனது. தெரு நாய் ஒன்று குறுக்கே வர யோசித்தது. "ஐயோ!" என்றார். நாய் வரவில்லை. வாடையும் வரவில்லை.

மேட்டின் பாதியில் தம்பி நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். திரும்ப எடுக்கச் சொன்னான். இந்த இடத்தில்தான் தினமும் மானம் போகும். இன்று வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் சரியாமல் மேலே போய் நின்றது.

"வாடையே இல்லையே!" என்றார் மாஸ்டர். "என்னடா பண்ணினே?"

"மாமா, உங்க கால் எங்க இருக்கு?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர் கால் கிளட்ச்சின் மேல், பாதி அமுங்கிய நிலையில் இருந்தது.

"உங்க பெடலோட கம்பியக் கழட்டி விட்டுட்டேன். வீட்டு வாசல்லேருந்து வெறும் பெடல மிதிச்சுக்கிட்டு வர்றீங்க. நீங்க அரைகுறையா மிதிச்சுக்கிட்டு, அக்கா ஆக்ஸிலேட்டரக் கொடுத்தா, பிளேட்டு வழுக்கித் தேஞ்சு கருகாம என்ன பண்ணும்?"

"பதினெட்டு வருஷமா இந்த சீட்ல உக்காந்திருக்கேன்," என்றார் மாஸ்டர்.

"பல் டாக்டர் ஓட்டுறப்ப மிதிக்கலையே?" என்றாள் மனைவி.

"அந்தாளுக்கு என்ன ஆனா எனக்கென்ன?" சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பயமா இருக்கும்மா. நீ விடியக் காலையில தனியா அந்தப் பாலத்து மேல போறத நெனச்சாலே கால் தானா பெடலுக்குப் போயிடுது."

அவள் இன்ஜினை அணைத்தாள்.

"இத முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குத்தான் புத்தி இல்லன்னு ஒன்பது நாளா அழுதிருக்கேங்க. அந்தப் பதவியே வேண்டாம்னு லெட்டர் எழுதிக் கைப்பையில வச்சிருக்கேன். சாயங்காலம் கொடுக்கலாம்னு இருந்தேன்."

கைப்பையைத் திறக்கச் சொல்ல மாஸ்டருக்குத் தைரியம் இல்லை. டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து பாரத்தை எடுத்து, தொடைமேல் வைத்து, பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழிக்கும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். தேதியும் போடச் சொன்னாள். போட்டார்.

"இப்ப இறங்கிப் பின்னாடி போய் உக்காருங்க. தம்பி முன்னாடி வரட்டும்."

"நான் மாஸ்டர்மா!"

"தெரியும். பின்னாடி பெடல் இல்ல."

மாஸ்டர் இறங்கினார். பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டார். அவள் வண்டியைக் கீழே இறக்கினாள்.