கழுத்து சரி, நீளம் சரி, வயிறு?

எங்கள் தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. கத்திரி துணியில் படுமுன் என் வீட்டுக்காரர் அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவள் நான்தான். ஒருமுறை கழுத்தையும் நீளத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடை பேக்கரிக்காரருக்கு வேறு யாருடைய வயிற்றுக்கோ சட்டை வெட்டிவிட்டார் மனுஷன். பாவம், பேக்கரிக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே அதைப் போட்டுத் திரிந்தார்.

இப்போது எம்பிராய்டரி மெஷின் வாங்கும் ஆசை. வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் ஒன்று பார்த்து வைத்திருந்தான். பணத்தைக் கிரிப்டோவாக அனுப்பச் சொன்னான். போன வாரமே அவனுக்கு முன்பணம் அனுப்பியாகிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த மிச்சம் மொத்தமும் இன்று போக வேண்டும். கிரிப்டோ முகவரி என்றால் எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு வரிசை; தப்பான முகவரிக்குப் போனால் போனதுதான், யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

இவர் இஸ்திரி மேசையில் சாய்ந்தபடி போனைத் தடவினார்.

"உங்க அண்ணன் முகவரி வாலட்லயே இருக்கு. பழைய வரவு செலவுல மேலயே நிக்குது. காப்பி பண்ணிட்டேன்."

"சரியா பாத்தீங்களா?"

"முதல் நாலெழுத்து சரி, கடைசி நாலெழுத்து சரி. அதுமட்டுமா? நேத்து மச்சானே இதுலேர்ந்து நமக்குக் கொஞ்சூண்டு காசு அனுப்பியிருக்காரு. பாசக்கார மனுஷன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அண்ணனா? எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் அவன்!

"கைய எடுங்க மொதல்ல!" என்று கத்திவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "ஏண்ணே, நேத்து எங்களுக்குக் காசு அனுப்புனியா?"

"நானா? எதுக்கு?" பதறிப்போனான்.

"அப்ப உன் முகவரிய முழுசா படி."

அவன் படிக்கப் படிக்க, இவர் போனைப் பார்த்து நான் திருப்பிச் சொன்னேன். முதல் நாலும் பொருந்தின. ஐந்தாவதிலேயே உதைத்தது. நடு முழுக்க வேறு. கடைசி நாலு மட்டும் மறுபடி அச்சு அசலாக அதே.

"மாப்ள, அது எவனோ திருட்டுப்பய முகவரி," என்றான் அண்ணன். "என்னோடது மாதிரியே ஒண்ணு உண்டாக்கி, பொடிக்காசு அனுப்பி, உங்க வரவு செலவுல ஏறி உக்காந்திருக்கான். நீங்க அங்கேர்ந்து எடுப்பீங்கன்னு காத்துக்கிட்டிருக்கான்."

இவர் முகம் வெளுத்துவிட்டது. நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "கழுத்து சரி, நீளம் சரி..." என்று முனகினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணன் சரியான முகவரியை அனுப்பினான். அதையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டு, அவன் பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டோம். முதலில் கொஞ்சம் அனுப்பினோம். "வந்துருச்சு" என்று அவன் சொன்ன பிறகே மிச்சத்தை அனுப்பினோம்.

மெஷின் வந்த அன்று கடையில் ஒரே அமர்க்களம். முதல் வேலை பேக்கரிக்காரருக்கு இலவசச் சட்டை, பையில் ஒரு ரொட்டி எம்பிராய்டரியோடு. இவர் அவர் வயிற்றில் நாடாவைச் சுற்றி அளவைக் கூவினார். நான் திருப்பிக் கூவினேன். போனிலிருந்து அண்ணனும் கூவினான்.

"இலவசமாவா குடுக்குறீங்க?" என்று அங்கலாய்த்தான்.

பேக்கரிக்காரர் கடைசிப் பொத்தானைப் போட்டார். பிறகு, பயந்து பயந்து, மூச்சை விட்டார். பொத்தான் அப்படியே நின்றது.