சிங்காரம் விளைவித்த குந்தகம்

எங்கள் கோட்டைக்குப்பத்தில் சிங்காரம் மாமாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டைச் சுற்றி இருப்பது கரை மணல். அதில் அடப்பங்கொடி தவிர எதுவும் முளைக்காது. அப்படிப்பட்ட மனிதர்மீது எதையோ 'விளைவித்ததாக' ஒரு புகார் வந்தது.

நடந்தது இவ்வளவுதான். மீன் ஏலக் கொட்டகையில் நடந்த கூட்டத்தில் மீனவர் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். அவர் பிடித்தால் உடும்புப் பிடி. பக்கத்துக் கரையில் மாமா, ரிப்பேர் பார்த்த போட் இன்ஜினைப் போட்டுப் பார்த்தார். தலைவரின் வாய் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. கூட்டம் கைதட்டியது. தலைவர் பேச்சுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

மறுநாள் ஏட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பொதுக்கூட்டத்துக்குக் குந்தகம் விளைவிச்சதா உன்மேல புகார். ஸ்டேஷனுக்கு வா."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு நெலமே இல்லியே சார். எங்க வெளைவிக்கிறது?"

என் அக்கா மனோரமா புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள். "கூட்டத்துல அவரு குந்தவே இல்ல சார், நின்னுக்கினுதான் இருந்தாரு. குந்தினவங்கள எல்லாம் உட்டுட்டு இவர புடிக்கிறீங்களே!"

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "குந்தகம்னா இன்னா சார்?" என்று நான் கேட்டதற்கு, "பேஜாரு மாதிரிதான். ஆனா கவர்மென்ட் பேஜாரு" என்றார். பேஜார் என்றே சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆனால் அதற்குள் அந்த வார்த்தை மீன்கூடையில் ஏறிவிட்டது. பழவேற்காடு மார்க்கெட்டில், சிங்காரம் ஏதோ விளைவித்தாராம். ஆரம்பாக்கம் போவதற்குள், போலீஸ் பிடிக்கிற மாதிரி விளைவித்தாராம். சுண்ணாம்புக்குளத்தில் இறக்கி வைத்தபோது அது கஞ்சாத் தோட்டமே ஆகிவிட்டது.

அந்தச் சுண்ணாம்புக்குளத்தில்தான் அக்கா மகள் திவ்யாவுக்கு நான் மாப்பிள்ளை பார்த்திருந்தேன். பையன் பேர் லோகேஷ். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வருவதாக இருந்தது. திவ்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

வந்தார்கள். காபியைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சுப்பன் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தினு கூப்பிடறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிறேன். அந்தக் குந்தகத்த எங்க போட்டுகீறீங்க? ஏரித் தீவுலயா?"

மாமா சம்பந்தம் பேசிய என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து திவ்யாவே வந்துவிட்டாள்.

"அது செடி இல்லீங்க. ஒருத்தர் பேசிக்கினு இருக்கறப்ப நடுவுல பூந்து கெடுக்கறது. எங்க நைனா இன்ஜினு போட்டாரு, தலைவர் பேச்சு கெட்டுப் போச்சு. அவ்ளோதான்."

சுப்பனின் மனைவி செவ்வந்தி காபியைக் கையில் எடுத்தாள். "அவ்ளோதானா? அத்த இவுரு எங்க வூட்ல கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து வெளைவிக்கிறாரு. நான் வாயத் தொறந்தா போதும், அமோக வெளைச்சல்!"

திவ்யாதான் முதலில் சிரித்தாள். அன்றைக்கே தேதி குறித்தார்கள்.

கல்யாணம் எங்கள் கரையிலேயே பந்தல் போட்டு நடந்தது. ஊர் மரியாதைக்குத் தலைவரையும் அழைத்திருந்தோம். வந்தவர் வாழ்த்துகிறேன் என்று மைக்கைப் பிடித்தார். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். தாலித்தட்டு எல்லோர் கையையும் தொட்டுத் திரும்பி வந்துவிட்டது, தலைவர் விடவில்லை. முகூர்த்தம் முடியப்போகிறது என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். மணவறையில் திவ்யாவின் கண் கலங்கிவிட்டது. தலைவரிடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

சுப்பன் மெல்ல மாமாவின் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, கொஞ்சம் குந்தகம் வெளைவிங்களேன்."

மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டைப் பார்த்து நடந்தார். நல்ல நேரத்திலேயே தாலி ஏறியது. கெட்டிமேளம்தான் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.