குடை வரிக்கு நான்காம் உரை

அந்தப் பழங்காவியத்தின் நாற்பத்தோராம் பாட்டு இப்படி முடியும்: 'குடை மேசைக்கடியில் இருக்கிறது, நனையாமல் போங்கள்.'

அச்சகத்தில் 'சிவப்புப் பேனா' என்று பெயரெடுத்த மெய்ப்புத் திருத்துபவளுக்கு மட்டும்தான் அந்த அடியின் வண்டவாளம் தெரியும். முப்பது வருடத்துக்கு முன், மழை நாளில், கடைசி மெய்ப்பின் ஓரத்தில் அவள் அச்சுக்கோப்பவருக்கு எழுதியது அது. அவர் அதையும் சேர்த்துக் கோத்துவிட்டார். சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருடம் அவரையே கட்டிக்கொண்டாள்.

முதல் பதிப்பாசிரியர் தன் கண்ணில் படாமல் ஓர் அடி நுழைந்ததை ஒப்புக்கொள்வாரா? குடை என்பது அரசனின் அருள் என்று மறுபதிப்பில் குறிப்பெழுதினார். இரண்டாமவர் குடை என்றால் உடம்பு என்றார். அந்தக் காலத்தில் மேசை இருந்தது என்று பதினோரு பக்கம் வேறு நிறுவினார். மூன்றாமவர் ஒரே போடாகப் போட்டார்: 'இவ்வடியில் அருள் இல்லை, அன்பு இல்லை.'

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லா உரைகளையும் சேர்த்துப் புதுப்பதிப்பு வரப்போகிறது, அதிலும் இதே வசை. இந்த முறை அந்த அடியையே சிவப்பில் அடித்து, நான்காவது பதிப்பாசிரியரிடம் கொண்டுபோனாள். குடையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர்.

"சார், இது காவியத்துல இல்லைங்க. நான் எழுதினது."

"ஆதாரம் இருக்காம்மா?"

"எழுதின ஆளே வந்து சொல்றேனே சார்."

"அது வாய்மொழி. சுவடி ஏதாவது இருக்கா?"

"குடை இருக்கு."

அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். மறுநாள் புதுக் குறிப்பு மெய்ப்புக்கு வந்தது: 'இதை அச்சகப் பெண்ணொருத்தி எழுதினாள் என்றொரு கட்டுக்கதை உண்டு. கொள்ளத்தக்கதன்று.' தன்னை இல்லை என்று சொல்லும் குறிப்பில் பிழை பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வீட்டுக்குப் போனாள்.

"உங்க ஒரு தப்பால நான் கட்டுக்கதை ஆயிட்டேன்" என்றாள் கணவரிடம்.

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தப்பு இல்ல. தெரிஞ்சுதான் கோத்தேன்."

"என்னது?"

"திருத்தின தாளெல்லாம் சாயங்காலமே குப்பைக்குப் போயிடும். புஸ்தகம் போகாதுல்ல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ பிழை திருத்துறவ. திருத்திடுவியோன்னு பயம்தான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை, தான் அடித்த அடியின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, 'இருக்கட்டும்' என்று ஓரத்தில் எழுதினாள். பிறகு மூன்றாமவரின் குறிப்புக்கு வந்தாள். இரண்டாவது 'இல்லை'யை அடித்துவிட்டு, 'உண்டு' என்று திருத்தினாள்.

புத்தகம் அப்படியே வந்துவிட்டது. மூன்றாமவர் ஏன் மனம் மாறினார் என்று இப்போது ஒருவர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.