கட்டு மாறிய பிரதி

ரூத் அக்கா முகவரி மாற்றுவதற்காக எங்கள் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியைத் தூக்கி என் இடது பக்கம் போட்டுக்கொண்டார்.

"இந்தக் காது கேக்காதும்மா. அவரு அடிச்சதுல போச்சு. இந்தப் பக்கம் பேசு."

செங்கல்பட்டில் ஒரு மாடி அறையிலிருந்து 'பாலாற்று மடல்' என்ற மாத இதழ் வருகிறது. சபைச் செய்திகள், ஜெபக் குறிப்புகள், கடைசிப் பக்கத்தில் வேதப் புதிர். பகலில் எனக்கு அங்கே வேலை. மாலையில் கணக்கு வகுப்பு. ரூத் அக்கா திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து மாதம் தவறாமல் புதிருக்கு விடை அனுப்புகிறவர். இப்போது கணவர் தர்மராஜை விட்டுவிட்டுக் கோவளத்துக்கு வந்துவிட்டார்.

"பழைய ஊர் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களே புது முகவரிக்குத் திருப்பிவிடுவார்களே அக்கா?" என்றேன். எனக்குத் தெரிந்த ஒழுங்கான வழி அது.

அவர் சிரித்துவிட்டார். "போஸ்ட் ஆபீஸே என் நாத்தனா வசந்தா வூட்டு முன்ரூம்லதான் கீது. அவகிட்ட போய், நான் இங்கதான் ஒளிஞ்சிகினு கீறேன், தம்பிகிட்ட சொல்லிடுன்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

எனக்கு முகம் சுட்டது.

"வேற எதையும் எடுத்தாரல. இந்தப் புதிரு மட்டும் வந்துட்டா போதும். பத்தரமா பண்ணும்மா."

பத்திரமாகத்தான் செய்தேன். எங்கள் முகவரி மிஷின் கையால் இயக்குவது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் தகடு. பெயரும் முகவரியும் அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் புடைத்திருக்கும். தகடுகளை மிஷின் தலையில் அடுக்கி, இதழை அடியில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் மைநாடா வழியாக முகவரி பதியும். தகடு நழுவி விழும், அடுத்தது வரும். அக்காவின் புதுத் தகட்டை எழுத்து எழுத்தாக அடித்தேன். கணவர் பெயர் இருந்த வரியை விட்டுவிட்டேன். ஒரு தாளில் பதித்துப் பார்த்துக் கோவளத்தின் பின்கோடு எண்ணையும் சரிபார்த்தேன்.

மறுவாரம் இதழ் அச்சாகி வந்தது. நானும் மிஷின் ஓட்டும் ஆனந்தன் அண்ணாவும் சேர்ந்து முகவரி போட்டோம். கட்டுகளை அவர் தபால் நிலையத்தில் சேர்த்தார். நான் வகுப்புக்குப் போனேன். சார் வருவதற்குள் அன்றைய வேலைகளை எழுதி வைப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் எதையோ விட்டுவிட்டது போலவே இருக்கும். "கோவளம், புதியது" என்று எழுதியவள் அதற்கு மேல் எழுத முடியாமல் நிறுத்தினேன்.

கோவளத்துக்கு நான் கட்டு எதுவும் கட்டவில்லை.

தகடுகள் பெயர் வரிசையில் இருப்பதில்லை. தபால் நிலையம் தபால் நிலையமாக அடுக்கியிருப்போம். ஒவ்வொரு ஊரும் முடியும் இடத்தில் எழுத்தில்லாத ஒரு சிவப்புத் தகடு. சிவப்பு வந்ததும் அதுவரை சேர்ந்த பிரதிகளைச் சணலால் கட்டி, மேலே ஊர்ச்சீட்டைச் செருகுவோம். உள்ளே இருக்கும் முகவரிகளை யாரும் படிப்பதில்லை. கோவளத்தில் எங்களுக்கு அதுவரை சந்தாதாரரே கிடையாது. புதிதாக ஒரு சிவப்புத் தகடு போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. அதுவரை நான் மாற்றியவை எல்லாம் அதே ஊரில் கதவெண் மாறியவை. பழைய தகட்டை உருவி, அதே இடத்தில் புதியதைச் செருகிப் பழகிய கை. இதையும் அப்படியே செருகியிருந்தது.

ரூத் அக்காவின் பெயரும் கோவளம் முகவரியும் தெளிவாகப் பதிந்த பிரதி, வசந்தாவின் முன்னறைக்குப் போகும் கட்டுக்குள் இருந்தது.

பையைக்கூட மூடாமல் ஆனந்தன் அண்ணா வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னாம்மா, கிளாஸ் கட்டா?" என்றவர், நான் சொன்னதைக் கேட்டதும் சட்டையை மாட்டினார். "மூணு தபா செக் பண்ற ஆளாச்சே நீ! ஒனக்கே இப்டின்னா நாங்கல்லாம் இன்னா பண்றது?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. முகவரியை மூன்று தடவை பார்த்தேன். தகடு இருக்கும் இடத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

தபால் நிலையத்தில் பைகள் வண்டியேறிவிட்டிருந்தன. அனுப்பியவர் எழுதிக் கொடுத்தால் திருப்பித் தர விதி உண்டாம். ஆனால் அந்தக் கட்டு திருக்கழுக்குன்றத்துக்குப் போய்விட்டது. காலையில் அங்கிருந்து ஓர் ஆள் சைக்கிளில் கிராமத்துக்கு, வசந்தாவிடம் எடுத்துப் போவார். அதற்குள் அங்கே போய்க் கேட்டால் உண்டு. இதழாசிரியர் தேவசகாயம் ஐயா உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"விடியறதுக்குள்ள நான் வண்டிய எடுத்துடறேன்" என்றார் ஆனந்தன் அண்ணா. "அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிகினு இருக்காத. எடுத்துட்டா முடிஞ்சுது மேட்டரு. சும்மா பயமுறுத்தாத."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எடுக்க முடியாமல் போனால்? சொல்லாமலிருப்பது அக்காவுக்காகவா, என் மானத்துக்காகவா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அக்காவின் போன் நம்பரும் என்னிடம் இல்லை. காலை முதல் பஸ்ஸில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கோவளம் போனேன்.

படகுத்துறைக்குப் போகும் சந்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறை. ரூத் அக்கா விடுதிச் சலவை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே சீப்பைக் கீழே வைத்தார்.

"இன்னா ஆச்சு?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் பழகி வைத்திருந்தேன். இருந்தும் கேட்காத காதின் பக்கம் நின்று பாதியைச் சொல்லிவிட்டேன். மறுபக்கம் வந்து மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து, கொடியில் கிடந்த துணிகளை அதில் போட ஆரம்பித்தார்.

"அக்கா, அண்ணா போயிருக்கிறார். எடுத்துவிடுவார்."

"எடுக்கட்டும்" என்றார். கை நிற்கவில்லை.

போன் அடித்தது. ஆனந்தன் அண்ணா.

"கெடச்சிடுச்சி ஜெபா! கைல வெச்சிருக்கேன்!"

"கிடைத்துவிட்டதாம் அக்கா!" என்று கத்தினேன். அவர் புடவையைக் கையில் பிடித்தபடி நின்றார். "கட்டோட இருந்துச்சான்னு கேளு."

கேட்டேன்.

"சணலு அவுந்து கெடந்துச்சிம்மா. எடுத்துகினு போற ஆளு பிரிச்சி அடுக்கிகினு இருந்தாரு. ஆனா அவரு ஒண்ணும் பாக்கல. அவரே சொன்னாரு."

அக்காவிடம் அப்படியே சொன்னேன். நல்ல செய்தி என்றே நினைத்துச் சொன்னேன்.

"ஒங்க அண்ணன் கேட்டப்புறம் சொன்னாரா, கேக்காமயே சொன்னாரா?"

போனில் கேட்டேன்.

"கேக்காமயேதான். நா லெட்டர நீட்டுனதும், 'நா எதையும் பாக்கல சார்'னாரு. ஏம்மா?"

அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ரூத் அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அவர் பார்க்காமலும் இருந்திருக்கலாம் அக்கா. சில பேர் அப்படித்தான், பயத்தில் சொல்வார்கள்."

"இருக்கலாம்மா. எனக்கும் அப்டித்தான் தோணுது. ஆனா அத நம்பிகினு இங்க ராத்திரி தூங்க முடியாது."

வீட்டுக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். பையை நான் வாங்கிக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை. மீன் கூடைகளைத் தாண்டி மெயின் ரோடுக்கு வந்தோம். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் அவர் நல்ல காதைத் திருப்பினார். எனக்கும் அதே வேலையாகிவிட்டது.

நிறுத்தத்தில் பையை வாங்கிக்கொண்டார். "எங்கே போவீர்கள் அக்கா?" என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் முந்திக்கொண்டார்.

"நீ மொதல்ல ஏறிப் போ. நான் எந்தப் பக்கம் போற பஸ்ஸுல ஏறுறேன்னு நீ பாக்கக் கூடாது. தப்பா நெனச்சிக்காத."

"இல்லை அக்கா."

"நேர்ல வந்து சொன்ன பாரு, அது போதும். வராம இருந்திருந்தா நா இந்நேரம் துணி தோய்ச்சிகினு இருந்திருப்பேன்."

கேளம்பாக்கம் பஸ் வந்தது. ஏறினேன். நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, கண்டக்டர் வரும்வரை தலையைக் குனிந்தே இருந்தேன்.