கிணற்றில் பங்கு

கதிர்காமுவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். மற்றவன் எழுதியதை வாசிக்கத் தெரியாது. அதனால் எழுத்து என்ற சாமானை எழுபத்தெட்டு வயதுவரை அவர் நம்பியதில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்த, முந்திச் சரக்கு அடுக்கிய தன் மாடிக் கிட்டங்கியை விற்கப் போன அன்றும் நம்பவில்லை.

கிட்டங்கி ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஷெல் விழுந்த நாளிலிருந்து மேல்மாடி ஒரு பக்கம் சரிந்து நின்றது. அடுத்த மாரி தாங்காது என்று மேசன் சொல்லிவிட்டான். கனடாவிலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறவர்கள் அல்ல. கொழும்புக் கம்பனியொன்று, பழைய சுவரை இடிக்காமல் அதற்குள்ளேயே ஹோட்டல் போடுவோம் என்றது. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் கிழவர் விற்க இறங்கினார். சுவர் நிற்க வேண்டும். யார் பெயரில் நின்றாலென்ன.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நாகபூசணியின் கந்தோரில் கம்பனிக்காரன் பிரவீனன் பேனையை நீட்டினான்.

“இதிலை வையுங்கோ ஐயா. விசயம் முழுக்கச் சொன்னனான்தானே.”

“நீர் சொன்னது உம்மடை விசயம்.” கதிர்காமு நாகபூசணியின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, அப்பர் வாங்கின பழைய உறுதியை எடுத்து வாசியும். எனக்கு எழுத்துத்தான் வராது, காது கேக்கும்.”

“அது நாலு பக்கம் ஐயா” என்றான் பிரவீனன்.

“கிடக்கட்டும். நான் இண்டைக்குச் சாகிற யோசனையிலை வரேல்லை.”

நாகபூசணி வாசித்தாள். பரப்பு, குழி, நாலு திக்கு எல்லை எல்லாம் வந்தது. கடைசிப் பக்கத்தில் இது வந்தது: “மேற்படி வடக்கு எல்லைக் காணியிலுள்ள கிணற்றில் தண்ணீர் அள்ளும் பங்கும், அதற்குப் போய்வரும் வழிவாய்க்கால் உரித்தும்.”

“நில்லும். திருப்பி வாசியும்.”

திருப்பி வாசித்தாள். கிணறு வடக்குக் காணியில்தான் இருந்தது.

“கிணத்திலை பங்கு இருக்கு” என்று அப்பர் சாகும்வரை சொன்னார். தங்கள் கிணற்றில் மற்றவனுக்குப் பங்கு என்று கதிர்காமு விளங்கிக்கொண்டார். மற்றவன் கிணற்றில் தங்களுக்குப் பங்கு என்று ஒருநாளும் அவர் புத்தியில் ஏறவில்லை. கிணற்றடியில் முன்பும் வேலி இருந்ததில்லை; இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எல்லைக் கல்லுமில்லை. கிணற்றை உள்ளே விட்டுக் கம்பி அடித்தார். வடக்குக் காணிச் சூசையம்மா குடத்தோடு வந்து கேட்டாள்.

“உறுதி கிடந்தாக் கொண்டுவாரும்” என்றார்.

ஓடின ஓட்டத்தில் அவள் உறுதி கடலோடு போனது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். பதினொரு வருடமாக அந்தக் குடும்பம் பவுசர் வண்டித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறது. அந்தச் சுற்றில் உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான்.

பிரவீனன் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தான். “ஐயா, அவையிட்டை எழுத்து ஒண்டும் இல்லை. பத்து வருசம் தாண்டிட்டுது, சட்டப்படி ஆட்சி உங்கடை. கிணறு இல்லாமல் கம்பனி எடுக்காது. தண்ணி இல்லாத ஹோட்டலுக்கு ஆர் வருவினம்?”

கதிர்காமு நாகபூசணியைப் பார்த்தார்.

“நீங்கள் சொல்லுறதைத்தான் நான் எழுதலாம்” என்றாள் அவள். “ஆனா வாசிச்சதை வாசிக்கேல்லை எண்டு சொல்லமாட்டன்.”

“ஊரெல்லாம் கள்ளர் எண்டு திரிஞ்சனான்” என்றார் கிழவர். “கம்பி அடிச்ச கள்ளன் நான்.”

உறுதியைச் சுருட்டிக்கொண்டு நேரே சூசையம்மாவிடம் போனார். அவள் முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள்.

“கிணறு உம்மடை. என்ரை உறுதியிலை அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு.”

“எனக்குத் தெரியும் அண்ணை.”

“எனக்குத் தெரியாது.”

“கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்.”

“கிணத்தை விட்டுத்தந்தால் கம்பனி கட்டிடத்தை எடுக்கும். விக்கிறீரோ?”

“குடிக்கிற தண்ணியை ஆர் விப்பினம்?”

“சரி. கேக்காமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது, அதாலை கேட்டனான். நாளைக்கு நொத்தாரிசிட்டை வாரும். உமக்கொரு உறுதி எழுதவேணும்.”

சூசையம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். “வாறன். ஆனா மன்னிப்பு எண்டு ஒண்டும் என்னட்டை இல்லை. அதிலை பங்கு கேக்காதேங்கோ.”

“கேக்கேல்லை.”

மறுநாள் அவள் மகன் அன்ரனிதாஸைக் கூட்டிவந்து, புதிய உறுதியை அவனைக்கொண்டு இரண்டுதரம் வாசிப்பித்தாள். கதிர்காமு பெயரை எழுதினார். பிரவீனனின் கார் அதற்கு முன்பே போய்விட்டது.

கார்த்திகை மழையில், ஒரு விடியற்காலை, மேல்மாடி வீதிப்பக்கமாக விழுந்தது. முதல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அன்ரனிதாஸ் வந்து கல்லைப் புரட்டி ஓரத்தில் போடத் தொடங்கினான். கதிர்காமுவும் குனிந்தார்.

“விடுங்கோ ஐயா. உங்களாலை ஏலாது.”

“என்ரை கல்லு.”

“ஓம்” என்றான் அவன். “அப்ப மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ.”